ஒரே கருவாட்டுக்கு ரெண்டு லேப் ரெண்டு நம்பர் குடுத்தா எத நம்புறது?

தம்பி, உங்கட கேள்விய ரெண்டு தரம் வாசிச்சன். மற்ற ஆக்களுக்கும் விளங்கட்டும் எண்டு சுருக்கிச் சொல்லுறன். குச்சவெளிப் பக்கம் உங்கட மாமாட வாடியில போட்ட சுறாக் கருவாடு, 300 கிலோ. கொழும்பில வேண்டுற ஆள் லேப் ரிப்போட் இல்லாம எடுக்கமாட்டன் எண்டிட்டார், நீங்களும் எதுக்கும் இருக்கட்டும் எண்டு ரெண்டு லேப்புக்குக் குடுத்தீங்க. முதல் லேப் மெர்க்குரி கிலோவுக்கு 1.3 மில்லிகிராம், ஆர்சனிக் 9 மில்லிகிராம் எண்டு எழுதியிருக்கு. ரெண்டாவது லேப் மெர்க்குரி 0.46, ஆர்சனிக் 'கண்டறியப்படவில்லை' எண்டு எழுதியிருக்கு. இப்ப மாமா ரெண்டாவது ரிப்போட்ட பிரேம் போட்டு மாட்டுற மூட்ல இருக்கிறார், வேண்டுற ஆளோ முதல் ரிப்போட்டப் பற்றிக் கேள்விப்பட்டு போன் எடுக்கிறாரே இல்லை. எந்த லேப் பொய் சொல்லுது எண்டு கேக்கிறீங்க.

என்ட கணக்கில ரெண்டும் பொய் சொல்லேல்ல. நீங்க என்ன கேக்கிறீங்க எண்டத ரெண்டு லேப்பும் வேற வேற மாதிரி விளங்கிக்கொண்டு தங்களுக்கு விளங்கினதுக்குப் பதில் சொல்லியிருக்கு. நான் கொழும்பில ஒரு லேப்பில கன வருசம் உலோகம் பார்க்கிற மேசையில இருந்தவன், இப்ப உப்புவெளியில வீட்டோட, கதைக்க ஆள் கிடைச்சா விடமாட்டன், அதால நீளமாத்தான் வரும், ஒரு தேத்தண்ணி வச்சுக்கொண்டு வாசிங்கோ.

முதல்ல மெர்க்குரிய எடுப்பம், அது சுலபம். 1.3ஐ 0.46ஆல பிரிச்சுப் பாருங்கோ, 2.8 வரும். இந்த 2.8 எனக்குப் பழகின நம்பர். பச்சை மீனில நூறு கிராமுக்கு 75 கிராம் கிட்ட தண்ணி, மிச்சம் 25 தான் காயுற சதை. உங்கட கருவாட்டில ஈரம் 30 சதவீதம் எண்டு முதல் ரிப்போட்டின்ட அடியில இருக்கெண்டு சொன்னீங்க, அப்ப காஞ்ச பகுதி 70. 70ஐ 25ஆல பிரிச்சா அதே 2.8. (உப்பும் அந்த 70க்குள்ள ஒளிச்சு இருக்கு, அதையும் கழிச்சா கணக்கு கொஞ்சம் மாறும், இப்ப அத விடுவம்.) அதாவது முதல் லேப் கருவாடு வந்த மாதிரியே அளந்து நம்பர் போட்டிருக்கு, ரெண்டாவது லேப் அதப் பச்சை மீன் நிறைக்கு மாத்திப் போட்டிருக்கு. தண்ணி மட்டும் ஆவியாப் போகுது, மெர்க்குரி சதையோட ஒட்டிக்கொண்டு நிக்கும், அதால காயக் காய நம்பர் ஏறும், நஞ்சு கூடினதெண்டு அர்த்தமில்ல.

இது ஏன் முக்கியம் எண்டா, ஐரோப்பிய எல்லை சுறாவுக்கு கிலோவுக்கு 1.0 மில்லிகிராம், அது பச்சை மீன் நிறைக்கு. காஞ்ச சாமான் எண்டா எவ்வளவு சுருங்கினது எண்டு பார்த்துத்தான் ஒப்பிடோணும் எண்டு அவங்கட விதியிலேயே இருக்கு. கோடெக்ஸ் எண்ட உலக உணவுத் தரச் சபை 2018ல சுறாவுக்கு 1.6 எண்டு வச்சுது, ஆனா அது மொத்த மெர்க்குரிக்கு இல்ல, மெதில்மெர்க்குரிக்கு. ஜப்பானில மினமாட்டாவில 1956ல வெளிய தெரிய வந்த நோய் இந்த மெதில்மெர்க்குரியாலதான், மூளைக்குப் போற சாமான் அது. பெரிய மீனில இருக்கிற மெர்க்குரியில அனேகமானது மெதிலாத்தான் இருக்கும், அதால முதல்ல மொத்தத்த அளந்து அதே எல்லைக்குள்ள நிண்டா மெதில தனியா அளக்கத் தேவையில்ல, மொத்தம் தாண்டினாத்தான் அந்தச் செலவு. ஆக வேண்டுற ஆள் 1.3ப் பார்த்து 1.0த் தாண்டிட்டுது எண்டு ஓடுறது ஆட்டையும் மாட்டையும் ஒரே கயித்தில கட்டின கதை.

ஆனாலும் 2.8 பொருந்துது எண்டதுக்காக நான் சத்தியம் பண்ணமாட்டன். மெர்க்குரி குறைய வாறதுக்கு இன்னொரு அசிங்கமான வழி இருக்கு. அது லேசா ஆவியாகிற உலோகம், சாம்பிள அமிலத்தில கரைக்கேக்க திறந்த பாத்திரத்தில ஹொட் பிளேட்டில வச்சுக் காச்சினா பாதி கூரைக்குப் போயிடும், மூடின பாத்திரத்தில மைக்ரோவேவ்ல கரைக்கோணும். இல்லாட்டி கரைக்காமலே சாம்பிள எரிச்சு, வாற ஆவிய தங்கத்தில பிடிச்சு அளக்கிற மெசின் இருக்கு, அது மெர்க்குரிக்கு நல்ல மெசின், ஆனா அது எடுக்கிறது 0.1 கிராம் போல ஒரு துணுக்கு. 300 கிலோவில 0.1 கிராம் எண்டா 30 இலட்சத்தில ஒரு பங்கு. இதுக்குப் பிறகு வாறன். இப்ப ரெண்டாவது லேப்பிட்ட கேக்க வேண்டியது ரெண்டே ரெண்டு: நம்பர் கருவாட்டு நிறைக்கோ பச்சை மீன் நிறைக்கோ, எப்பிடிக் கரைச்சீங்க. பச்சை மீன் நிறைக்கு எண்டா அத ரிப்போட்டில ஒரு வரி எழுதாம விட்டது அவங்கட பிழைதான், அதில நான் ஆருக்கும் வக்காலத்து வாங்க வரேல்ல.

இனி ஆர்சனிக், இதுதான் ருசியான பகுதி.

கடல் மீனில ஆர்சனிக் இயற்கையாவே கனக்க இருக்கும், அதில பெரும்பகுதி ஆர்சனோபீட்டெய்ன் எண்ட வடிவத்தில. அது உடம்புக்குள்ள போய் அப்பிடியே மூத்திரத்தில வெளிய வந்திடும், ஒண்டும் செய்யாது. நஞ்சு எண்டு நாங்க பயப்பிடுறது கனிம ஆர்சனிக்க, கிணத்துத் தண்ணியிலயும் சோத்திலயும் தேடுறது அதத்தான், கோடெக்ஸ் தீட்டின அரிசிக்கு 0.2 மில்லிகிராம் எண்டு வச்சிருக்கிறதும் கனிம ஆர்சனிக்குக்கு மட்டும். உங்கட முதல் லேப் ஐசிபி-எம்எஸ் எண்ட உலோகம் அளக்கிற மெசினில பார்த்திருக்கு. அந்த மெசின் உள்ளுக்குப் போறத எல்லாம் பிளாஸ்மாவில போட்டு அணு அணுவா உடைச்சுப் போடும், அதுக்கு ஆர்சனோபீட்டெய்னும் ஒண்டுதான் எலிப்பாசாணமும் ஒண்டுதான், எல்லாத்தையும் சேர்த்து 9 எண்டு சொல்லும். நம்பர் சரியா இருக்கலாம், ஆனா அந்த நம்பர வச்சு 'நஞ்சு' எண்டு சொன்னா அது பிழை.

ரெண்டாவது லேப் ஹைட்ரைட் எண்ட முறையில பார்த்திருக்கு எண்டு நீங்க அனுப்பின ரிப்போட்டில கிடக்கு. அந்த முறையில ஆர்சனிக்க ஒரு வாயுவா மாத்தி அந்த வாயுவத்தான் அளப்பாங்க. சிக்கல் என்னெண்டா ஆர்சனோபீட்டெய்ன் அந்த வாயுவா மாறாது, பிடிவாதம் பிடிக்கும். நைட்ரிக் அமிலத்தில சாதாரணமா கரைச்சாலும் உடையாது, 300 டிகிரி கிட்ட சூடோ, மக்னீசியம் நைட்ரேட் போட்டு சாம்பலாக்கிறதோ வேணும் அத உடைக்க. அதுகள் செய்யாம ஹைட்ரைட்டுக்குப் போனா மெசினுக்கு மீனில இருக்கிற ஆர்சனிக்கில அனேகம் கண்ணில படாது. ஆக 'கண்டறியப்படவில்லை' எண்டது நல்ல மீன் எண்டதுக்குச் சாட்சி இல்ல, அந்த முறைக்குக் கண் தெரியேல்ல எண்டதுக்குத்தான் சாட்சி. மாமாவுக்கு இத மெதுவாச் சொல்லுங்கோ, பிரேமுக்கு காசு குடுக்க முந்தி.

முதல் லேப்பின்ட 9லயும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, அதுக்குக் காரணம் உப்பு. ஐசிபி-எம்எஸ் ஒவ்வொரு தனிமத்தையும் அதின்ட எடையாலதான் அடையாளம் பிடிக்கும், ஆர்சனிக்கின்ட எடை 75, அதுக்கு இயற்கையில வேற எடையுள்ள வடிவமும் (ஐசோடோப்) இல்லை மாத்திப் பார்க்க. பிளாஸ்மா ஓடுறது ஆர்கன் வாயுவில, ஆர்கன் 40. உப்பில குளோரின் இருக்கு, அது 35. 40உம் 35உம் சேர்ந்து ஒட்டிக்கொண்டா 75. மெசின் நம்பிவிடும் ஆர்சனிக் வந்திட்டுது எண்டு. கருவாடு எண்டாலே உப்புத்தானே, ஆர்சனிக்கே இல்லாத சாமானிலயும் உப்பு ஆர்சனிக் காட்டும். இதுக்கு மருந்து இருக்கு, ஹீலியம் வாயு நிரப்பின ஒரு செல்லுக்குள்ளால அனுப்பினா இப்பிடி ஒட்டிக்கொண்டு வாற கூட்டு அயனுகள் வேகம் இழந்து தட்டுப்படும், ஒற்றை அணு தப்பிப் போகும். இப்ப வாற மெசினுகளில அது இருக்கு, ஆனா இருக்கிறதும் போட்டு ஓட்டுறதும் ரெண்டு விசயம். அதால கேளுங்கோ: ஹீலியம் மோட்ல ஓட்டினீங்களா, வெறும் உப்புத் தண்ணிய ஓட்டிப் பார்த்தா எவ்வளவு ஆர்சனிக் காட்டுது. ஒழுங்கான கெமிஸ்ட் எண்டா இந்தக் கேள்விக்கு சந்தோசப்படுவார், முறைச்சா சாம்பிளத் திருப்பி வாங்கிக்கொண்டு வாங்கோ.

முறை எதப் பார்க்குது எண்டது எவ்வளவு பெரிய விசயம் எண்டதுக்கு 2008ல சீனாவில நடந்தத விட வேற கதை தேவையில்ல. பாலில புரதம் எவ்வளவு எண்டு பார்க்கிற கெல்டால் முறை 1883ல இருந்து இருக்கு, அது உண்மையில புரதத்த அளக்கேல்ல, நைட்ரஜன அளந்து புரதம் எண்டு கணக்குப் போடுது. மெலமின் எண்ட பிளாஸ்டிக் சாமானில நிறையில மூண்டில ரெண்டு பங்கு நைட்ரஜன். தண்ணி கலந்த பாலில அத ஒரு பிடி போட்டா லேப்பில நல்ல பால். குழந்தைகள் ஆறு பேர் செத்தாங்க, ஏறக்குறைய 3 இலட்சம் பேருக்கு வருத்தம். அங்க மெசின் பழுதில்ல, கெமிஸ்ட் களவு இல்ல, நைட்ரஜன் நம்பர் அச்சொட்டாச் சரி. கேட்ட கேள்விதான் பிழை. 2021ல கொழும்புக் கடலில எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிஞ்ச நேரமும் எனக்கு இதே ஞாபகம்தான், கன பேர் என்னட்ட கேட்டது 'அண்ணே லேப்பில போட்டா மீன் நல்லமோ எண்டு சொல்லிடுவாங்க தானே' எண்டு. லேப்பில போட்டா எண்டு ஒண்டு இல்லை, எதத் தேடி எந்த முறையில போட்டா எண்டுதான் இருக்கு. ஈயத்தத் தேடிப் போட்டா ஈயம் இருக்கா இல்லையா எண்டுதான் மறுமொழி வரும், மற்றதப் பற்றி அந்தக் கடதாசி வாய் திறக்காது.

இதே மாதிரி ஒண்டு மரக்கறியிலயும் இருக்கு, சின்னதாச் சொல்லிட்டுப் போறன். மாங்கொசெப் மாதிரி டைதயோகார்பமேட் பூஞ்சணக்கொல்லிகள நேர அளக்கிறது கஷ்டம், அதால அமிலம் போட்டுச் சூடாக்கி வாற கார்பன் டைசல்பைட்ட அளப்பாங்க. கோவாவும் வெங்காயமும் மருந்தே அடிக்காட்டிலும் தங்கட சொந்தக் கந்தகத்தில கொஞ்சம் அதத் தரும். வெங்காயத்தில மருந்து எண்டு ஆராவது ரிப்போட் நீட்டினா முதல்ல எந்த முறை எண்டு கேக்கோணும்.

சரி, முறை சரியான சாமானப் பார்க்குது எண்டு வையுங்கோ. அது சரியா அளக்குதா எண்டு எப்பிடித் தெரியும்? சந்தையில தராசில சந்தேகம் வந்தா என்ன செய்வம், சாமானுக்கு மேல தெரிஞ்ச படிக்கல்லு ஒண்ட வச்சு அவ்வளவு கூடுதா எண்டு பார்ப்பம். அதேதான் லேப்பில ஸ்பைக் எண்டு சொல்லுறது. உங்கட கருவாட்டுத் தூளுக்குள்ள தெரிஞ்ச அளவு மெர்க்குரிய விட்டு, முழு வேலையையும் செஞ்சு, விட்டதில எத்தினை வீதம் திரும்பி வருது எண்டு பார்ப்பாங்க. பூச்சிமருந்து எச்சத்துக்கு ஐரோப்பிய வழிகாட்டியில 70க்கும் 120க்கும் இடையில நிக்கோணும், திரும்பத் திரும்பச் செய்யேக்க வாற வித்தியாசம் 20 வீதத்துக்குள்ள நிக்கோணும். உலோகத்துக்கு நான் இன்னும் இறுக்கமாப் பார்ப்பன். ஆனா ஸ்பைக்கிலயும் ஒரு ஓட்டை இருக்கு, மீன் உயிரோட இருக்கேக்க உள்ள போன மெர்க்குரி புரதத்தோட கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடக்கும், நாங்க மேல விட்டது சும்மா தூளில ஒட்டியிருக்கும், லேசா வந்திடும். அதால ஸ்பைக் 98 வீதம் வந்தாலும் உண்மையானது வெளிய வரேல்ல எண்டு இருக்கலாம்.

அதுக்குத்தான் சான்றுப் பொருள். கனடா தேசிய ஆராய்ச்சிச் சபை டோர்ம் எண்ட பேரில மீன்புரதத் தூள் போத்தலில விக்குது, அதில டோர்ம்-4 எண்ட தொகுதி மெர்க்குரி கிலோவுக்கு 0.41 மில்லிகிராம் எண்டு சான்றிதழோட வந்தது. உங்கட சாம்பிளோட அதையும் சேர்த்துக் கரைச்சு ஓட்டி அந்த நம்பர் வந்துதா எண்டு பார்த்தா முறை மீனுக்கு வேலை செய்யுது எண்டு நம்பலாம். விலை கூட, அதால சில இடத்தில காலம் முடிஞ்ச போத்தல் அலுமாரியில அழகுக்கு நிக்கும். ஒண்டு கவனியுங்கோ, அது கருவாடு மாதிரி உப்புப் போட்ட சாமான் இல்ல. அது சரி வந்ததெண்டு உங்கட உப்புக் கருவாட்டுக்கும் சரி எண்டு முழுசா எடுக்கேலாது, அங்கதான் ஸ்பைக்கும் வேணும். ரெண்டும் ஒண்டுக்கு ஒண்டு துணை.

மூண்டாவதா பிளேங்க், அதாவது சாம்பிளே போடாம வெறும் அமிலத்த எல்லா வேலையும் செஞ்சு ஓட்டுறது. நான் வேலை செஞ்ச இடத்தில ஒரு மாதம் பூரா எல்லா மீனிலயும் குரோமியமும் நிக்கலும் வந்துகொண்டே இருந்துது, எல்லாரும் கடல் கெட்டுப் போச்சு எண்டு கதைச்சுக்கொண்டு திரிஞ்சம், பெரியவர் ஒராள் அறிக்கை எழுதவும் தொடங்கிட்டார். பிளேங்க்கும் சுத்தமாத்தான் இருந்துது. கடைசியில பார்த்தா புதுசா வேண்டின பிளெண்டரின்ட பிளேட்டு, காஞ்ச மீன் பட்டு எவர்சில்வர் தேஞ்சு கலந்திருக்கு. பிளேங்க் ஏன் காட்டித்தரேல்ல? நாங்க பிளேங்க்க அமிலம் ஊத்துற இடத்தில இருந்துதான் தொடங்கினம், பிளெண்டரில இருந்து இல்ல. கருவாடு கல்லு மாதிரி இருக்கிற சாமான், அத எதில அரைச்சாங்க எண்டதும் கேக்க வேண்டிய கேள்விதான்.

'கண்டறியப்படவில்லை' எண்டதுக்குத் திரும்பி வருவம், ஏனெண்டா எங்கட ஆக்கள் அதப் பூச்சியம் எண்டு வாசிக்கிறாங்க. ஒவ்வொரு முறைக்கும் ஒரு கீழ்மட்டம் இருக்கு. அதுக்குக் கீழ இருந்தா மெசினின்ட இரைச்சலில கலந்து போகும். இரைச்சலின்ட மூண்டு மடங்கு வந்தா 'ஏதோ இருக்கு' எண்டு சொல்லலாம், பத்து மடங்கு வந்தாத்தான் நம்பர் போடலாம், அந்தப் பத்து மடங்கத்தான் எல்ஓகியூ எண்டுவாங்க. உலோகத்துக்கு ஐரோப்பிய விதியில சட்ட எல்லை 0.1 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ எண்டா எல்ஓகியூ அந்த எல்லையின்ட அஞ்சில ஒரு பங்குக்குள்ள இருக்கோணும். 1.0 எல்லைக்கு 0.2. அதால 'கண்டறியப்படவில்லை' எண்டு எழுதி எல்ஓகியூ என்ன எண்டு எழுதாத ரிப்போட் ஒண்டும் சொல்லேல்ல, இருட்டுக்குள்ள நிண்டு கள்ளன் இல்லை எண்டு சொல்லுற மாதிரி.

அடுத்தது, ரெண்டு நல்ல லேப் ஒரே சாம்பிளுக்கு ஒரே நம்பர் தரோணும் எண்டு எதிர்பார்க்காதீங்கோ. ஹோர்விட்ஸ் எண்ட அமெரிக்க ஆள் ஆயிரக்கணக்கான லேப் ஒப்பீட்டு முடிவுகள வச்சுக் கண்டது, அளக்கிற சாமான் குறையக் குறைய லேப்புகளுக்கு இடையிலான வித்தியாசம் ஒரு ஒழுங்கில கூடும், எந்தச் சாமான், எந்த மெசின் எண்டது பெரிசா வித்தியாசம் காட்டாது. கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் மட்டத்தில 16 வீதம். அதாவது உண்மை 1.0 எண்டா ஒரு லேப் 0.7 சொல்லி மற்றது 1.3 சொன்னாலும் ரெண்டும் நேர்மையாத்தான் இருக்கலாம். இன்னும் கீழ, பிபிபி மட்டத்தில, அதாவது கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம் எண்ட கணக்கில, அவரின்ட சூத்திரம் 45 வீதம் வரைக்கும் போகும், பிறகு தொம்சன் எண்டவர் இப்பத்த லேப்புகள் அவ்வளவு மோசமில்ல எண்டு 120 பிபிபிக்குக் கீழ 22 வீதத்தோட நிப்பாட்டினார். ஆனா 16 வீதம் எண்டது உங்கட 1.3க்கும் 0.46க்கும் உள்ள இடைவெளிய மூடாது, அதாலதான் நான் முதல்லயே ஈரத்தப் பார்த்தன்.

இதாலதான் ரிப்போட்டில நம்பருக்குப் பக்கத்தில கூட்டல் கழித்தல் ஒண்டு இருக்கோணும். 1.1 கூட்டல் கழித்தல் 0.2 எண்டு வந்தா ஐரோப்பிய அதிகாரி 0.2ஐக் கழிச்சு 0.9 எண்டு பார்த்து விட்டிடுவார், சந்தேகத்தின்ட பலன் உங்களுக்கு. ஆனா நீங்க அனுப்புற ஆள், நீங்க கூட்டித்தான் பார்க்கோணும், 0.9 வந்தாலும் 1.1ஆ இருக்கலாம் எண்டு. அந்தப் பக்கம் வேற லேப்பில வேற துண்டு போகும் எண்டத மறக்காதீங்கோ.

லேப் 'அங்கீகாரம் பெற்றது' எண்டு போட் தொங்குறதப் பார்த்து மட்டும் நம்பாதீங்கோ. இலங்கையில அங்கீகாரம் குடுக்கிறது ஸ்லாப், 2005ம் ஆண்டு 32ம் இலக்கச் சட்டத்தால வந்த சபை, ஐஎஸ்ஓ 17025 எண்ட தரத்துக்குப் பார்த்துத்தான் குடுக்கும். ஆனா குடுக்கிறது முழு லேப்புக்கும் இல்ல, எந்தச் சாமானில எதை எந்த முறையில எண்டு ஒரு பட்டியலுக்கு. குடிதண்ணியில ஈயத்துக்கு அங்கீகாரம் வச்சிருக்கிற லேப் கருவாட்டில மெர்க்குரி பார்த்துத் தந்தா அந்த அங்கீகாரம் உங்களுக்கு ஒரு சதத்துக்கும் உதவாது. பட்டியலக் கேட்டு வாசிங்கோ. அதோட திறன் ஒப்பீட்டுச் சோதனையில பங்குபற்றினீங்களா எண்டும் கேளுங்கோ, இங்கிலாந்தின்ட ஃபேபாஸ் மாதிரி இடங்கள் ஒரே தூள உலகம் பூரா லேப்புகளுக்கு அனுப்பி ஒவ்வொருத்தருக்கும் இசட் ஸ்கோர் எண்டு புள்ளி போடும், 2க்குள்ள நிண்டா நல்லம், 3 தாண்டினா ஏதோ பிழை. கடைசி ரெண்டு மூண்டு தரத்துப் புள்ளியக் காட்டுற லேப் எனக்குப் பிடிக்கும். ஒருக்கா 2.6 வந்து அத ஏன் எண்டு தேடித் திருத்தின லேப்ப, எப்பவும் 0.1 எண்டு சொல்லுற லேப்ப விட நான் கூட நம்புவன், அது என்ட தனிப்பட்ட கிறுக்கு எண்டு வையுங்கோ.

இப்ப நான் பிறகு சொல்லுறன் எண்டு விட்ட விசயம், சாம்பிள். நீங்க எப்பிடி எடுத்தீங்க எண்டு விபரமா எழுதேல்ல, ஆனா 'நல்ல துண்டா ஒண்ட வெட்டி சொப்பின் பேக்கில போட்டு பஸ்ஸில குடுத்து விட்டம்' எண்ட வரியப் பார்க்கேக்க எனக்குத் தலை சுத்தினது. சுறா பெருத்தா மெர்க்குரி கூடும், மற்ற மீனத் திண்டு திண்டு வருசக்கணக்கா சேர்த்துக்கொண்டு வாற சாமான் அது. உங்கட 300 கிலோவுக்குள்ள எத்தினை சுறா, பத்துக் கிலோவும் இருக்கும் அறுபது கிலோவும் இருக்கும். முதல் லேப்புக்குப் போன துண்டு பெரியதின்டயும் மற்றது குட்டியின்டயும் எண்டா நான் இவ்வளவு நேரமும் சொன்ன 2.8 கதையே தேவையில்ல. ஐரோப்பிய விதி 50ல இருந்து 500 கிலோ வரைக்குமான லொட்டில குறைஞ்சது அஞ்சு இடத்தில எடுக்கச் சொல்லுது, ஒவ்வொண்டும் நூறு கிராம் போல, சேர்த்து ஒரு கிலோவுக்குக் குறையாம. அதால நூறு கிராம் எண்டா பத்து இடம் வரும். எல்லாத்தையும் ஒண்டா அரைச்சு, அரைச்சதப் பங்கு போட்டு ரெண்டு லேப்புக்கும் குடுத்திருந்தா இப்ப சண்டைக்குப் பாதி வேலை இல்லை.

மீன் பரவாயில்ல. சாம்பிள் எடுக்கிறதில உண்மையான பேய் கச்சான், அதாவது நிலக்கடலை. கோணேசர் கோயிலுக்குப் போற வழியில சுருள் கட்டி விப்பாங்களே, அந்தக் கச்சான். 1960ல இங்கிலாந்தில ஒரு இலட்சத்துக்கு மேல வான்கோழி செத்து, காரணம் தேடிப் போய்த்தான் கச்சான் புண்ணாக்கில அஃப்ளாடொக்சின் எண்ட பூஞ்சண நஞ்சு இருக்கெண்டு கண்டாங்க. இது எல்லாக் கொட்டையிலயும் பரவி இருக்காது, ஆயிரத்தில ஒண்டில கெட்டியா இருக்கும், ஒரே கொட்டையில பத்து இலட்சம் பிபிபி வரைக்கும் பார்த்திருக்காங்க. கணக்குப் போடுங்கோ. அரைக் கிராம் கொட்டை, அதில 500 மைக்ரோகிராம் நஞ்சு. அந்த ஒரு கொட்டை 20 கிலோ சாம்பிளுக்குள்ள விழுந்தா மற்றதெல்லாம் தங்கம் எண்டாலும் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம், ஐரோப்பிய எல்லை நேரத் திங்கிற கச்சானுக்கு 4. விழாட்டிப் பூச்சியம். அதாலதான் 15 தொன்னுக்கு மேற்பட்ட பெரிய லொட்டில நூறு இடத்தில எடுத்து 20 கிலோ சேர்த்து முழுக்க அரைக்கச் சொல்லுறது. கடைக்காரர் ஒரு கைபிடி கச்சானக் குடுத்து எடுத்த ரிப்போட்ட ஐந்து கோடி ரூபா மெசினில ஓட்டினாலும் அது சீட்டுக் குலுக்கினதுதான். 2021ல தேங்காய் எண்ணெய் இறக்குமதியில அஃப்ளாடொக்சின் எண்டு நாடு கலங்கினது ஞாபகம் இருக்கும், எண்ணெய் எண்டபடியா அது கலந்து ஒரே சீரா இருக்கும், அங்க சாம்பிள் பெரிய தலையிடி இல்லை, முறைதான் தலையிடி. சாமானுக்குச் சாமான் பிழை நுழையிற வாசல் வேற.

கோட்பே பக்கம் சூரை இறக்கிற ஆக்களுக்கும் ஒண்டு. ஹிஸ்டமின் எண்டது கடலில இருந்து வாற நஞ்சில்ல, ஐஸ் காணாட்டி பக்டீரியா செய்யிறது, ஒருக்கா வந்தா சமைச்சாலும் போகாது, ஐஸ் போட்டாலும் போகாது. ஐரோப்பாவில ஒன்பது மீன் எடுத்து, சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராம் தாண்டக்கூடாது, ரெண்டு மீன் வரைக்கும் 100க்கும் 200க்கும் இடையில நிக்கலாம், ஒண்டு கூட 200 தாண்டக்கூடாது எண்டு பார்ப்பாங்க. இங்க பட்டி மாதிரி வாற விரைவுக் கிட் நல்ல உதவி, பத்து நிமிசத்தில ஆம் இல்லை சொல்லும், ஆனா அது கதவில நிக்கிற காவலாளி மட்டும்தான், ஆம் எண்டு சொன்னா ஹெச்பிஎல்சி எண்ட திரவப் பிரிப்பு மெசினில உறுதிப்படுத்தோணும். ஃபோர்மலின் கிட்டுக்கும் அதே, சில மீன் செத்துக் கிடக்கேக்க தானாவே கொஞ்சம் ஃபோர்மல்டிஹைட் உண்டாக்கும், பட்டி நிறம் மாறினது எண்டு வியாபாரிய அடிக்கப் போகக்கூடாது.

இனி உங்கட காரியம். ரெண்டு ரிப்போட்டையும் வேண்டுற ஆளுக்கு அனுப்பாதீங்கோ, அவர் பெரிய நம்பரத்தான் பார்ப்பார். வாடியில பெரிய சுறாத் துண்டு, சின்னச் சுறாத் துண்டு ரெண்டையும் பிரிச்சு வச்சிட்டு ஒவ்வொரு குவியலிலயும் பல இடத்தில எடுத்து ஒரு கிலோ வீதம் சேருங்கோ. சுத்தமான தடிச்ச பொலித்தீன், ரெண்டு மடிப்பு, மேல திகதியும் குவியலும் எழுதி மாமாவும் நீங்களும் கையெழுத்து வையுங்கோ. லேப்புக்குக் குடுக்கேக்க எழுத்தில கேளுங்கோ: மொத்த மெர்க்குரி கருவாட்டு நிறைக்கும் பச்சை மீன் நிறைக்கும் தனித்தனியா, ஈரப்பதன், உப்பு, பிறகு ஆர்சனிக் எண்டு சும்மா எழுதாம கனிம ஆர்சனிக் எண்டு எழுதுங்கோ, அதுக்கு ஈஎன் 16802 எண்ட முறை இருக்கு, திரவப் பிரிப்பில வடிவம் வடிவமாப் பிரிச்சு பிறகு ஐசிபி-எம்எஸ்ஸுக்கு அனுப்புறது. அது செய்ய வசதி இல்லை எண்டு சொன்னா பரவாயில்ல, நேர்மையான மறுமொழி, வேற லேப்பக் கேட்டுத் தாங்கோ எண்டு சொல்லுங்கோ. எல்ஓகியூ, கூட்டல் கழித்தல், ஸ்பைக் எத்தினை வீதம் வந்தது, இந்த மூண்டும் ரிப்போட்டில வேணும் எண்டு காசு கட்ட முந்தியே சொல்லிடுங்கோ, கட்டின பிறகு கேட்டா வேற சார்ஜ் எண்டுவாங்க.

லேப்புக்குப் போற அளவுக்கே இன்னொரு பங்கு எடுத்து அதே மாதிரிக் கட்டி உங்கட வீட்டு ஃபிரிட்ஜில கீழ் தட்டில வையுங்கோ. நாளைக்கு ஆராவது மூண்டாவது நம்பரோட வந்தா திறக்கிறதுக்கு. அம்மாட்ட சொல்லி வையுங்கோ அது கறிக்கு இல்ல எண்டு, என்ட வீட்டில ஒருக்கா அப்பிடி ஒரு சாட்சிய தேங்காய்ப்பால் விட்டுக் காச்சிப்போட்டாங்க.